கையைத் திருப்பிக் கொடுத்தவள்

எங்கள் இரட்டைக் கிணற்று ஊரில் ஷிங் குடும்பத்துக்கு மூன்று சொத்துகள் இருந்தன. உவர் மண்ணிலும் காய்க்கிற இலந்தை மரங்கள் நாற்பது. எந்தச் சபையிலும் கடைசிப் பேச்சு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்கிற பிடிவாதம். பிறகு இருபத்துநான்கு கை. ஒரு தடுப்பு, ஒரு அடி, ஒரு கால் நகர்வு, மூன்றும் சேர்ந்தால் ஒரு கை. ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை விடாமல் செய்து முடிக்க ஒரு கிண்ணம் தினைக்கஞ்சி ஆறுகிற நேரம் ஆகும்.

இருபத்துநான்காவதற்குக் கதவடைக்கும் கை என்று பெயர். ஷிங் முப்பாட்டன் ஒருவர் முப்பது கொள்ளைக்காரர்களுக்கு எதிரே அந்தக் கையால் ஊர்க்கதவைச் சாத்தினாராம். சாத்திய வேகத்தில் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு மூன்று வருஷம் திறக்கவில்லை. ஊரே சுவரேறிக் குதித்துப் போய்வந்தது. மணப்பெண்களைக் கூடையில் உட்காரவைத்துக் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். என் அம்மா சொன்னபோது அது மூன்று நாளாகத்தான் இருந்தது, கூடையும் கிடையாது. மிச்சம் என் கைங்கரியம். ஆனால் யின்ஹுவாவின் கதையில் நான் எதையும் வளர்க்கவில்லை. வளர்க்க அதில் இடமில்லை.

ஷிங் வீட்டு நடுக்கூடத்தில் முன்னோர் பெயர்ப்பலகைக்கு மேலே இன்னொரு பலகை தொங்கும். 'மருமகள் கற்கலாம். மகள் கற்கக் கூடாது.' மகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், சீர்ப்பெட்டியோடு கையையும் கொண்டுபோய்விடுவாள். அப்படி ஒருத்தி கொண்டுபோனாள். அவள் பெற்ற பையன்கள் கோயில் சந்தையில் சொந்தத் தாய்வழித் தாத்தா என்று தெரியாமலே அவருடைய முன்பல் இரண்டையும் தட்டிவிட்டார்கள். அந்தத் தாத்தா அன்றைக்கே தச்சனைக் கூப்பிட்டுப் பலகை செதுக்கச் சொன்னார். பல்லில்லாத வாயால் சொன்னதால் தச்சன் ஒரு எழுத்தைத் தப்பாகச் செதுக்கிவிட்டான். நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவள். அந்த ஒரு பிழையைத் திருத்த மட்டும் ஷிங் வீட்டார் என்னை விட்டதில்லை.

கெங் யின்ஹுவா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது எண்பத்தைந்தாம் வருஷம், பன்னிரண்டாம் மாதக் குளிரில். கடலோர உவர் கிராமத்துப் பெண். தரையைச் சுரண்டி உப்புக் காய்ச்சி வளர்ந்தவள், தோள் இரண்டும் நுகத்தடி மாதிரி இருக்கும். கல்யாணமான மூன்றாம் நாள் காலை காவடித்தடியில் இரண்டு வாளித் தண்ணீரோடு கிணற்றடியிலிருந்து வந்தவள் உறைந்த தரையில் வழுக்கிவிட்டாள். ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது. முதுகு நிமிர்ந்தே இருந்தது. வாளிகள் ஆடின, தண்ணீர் சிந்தவில்லை. ஒரு சொட்டுச் சிந்தியதை என் வீட்டு வாசலிலிருந்து நான் பார்த்தேன். மாமனார் தியன்பாவ் பார்க்கவில்லை.

"இதை யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார் அவர்.

"எதை, அப்பா?"

"இப்படி விழறதை."

"விழறதுக்கு எதுக்கு அப்பா வாத்தியார்?"

தியன்பாவ் சிரிக்கிற ஆள் இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய ஒரே பிள்ளை குவாங்லு, அதாவது யின்ஹுவாவின் புருஷன், முழங்கால் மடக்கிக் குதிரை நிலையில் நிற்கச் சொன்னால் கழுதை மாதிரி உட்கார்ந்துவிடுவான். பதினைந்து வருஷம் அடித்துப் பார்த்தும் அவனுக்கு ஐந்தாம் கைக்கு மேல் ஏறவில்லை. மறுநாள் விடியலில் பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த மருமகளைப் பின்கட்டு முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"குவாங்லு பொண்டாட்டி. அந்த வாளியை வெச்சுட்டு வா."

எட்டு வருஷம் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குவாங்லு பொண்டாட்டிதான். நன்றாகச் செய்தாள் என்றால், "சாப்பிடு," என்பார். மோசமாகச் செய்தாள் என்றால் அதையும் சொல்லமாட்டார். எட்டு வருஷத்தில் இருபத்துநான்கு கையும் அவளுக்கு வந்துவிட்டது. சும்மா வரவில்லை, குடிவந்தது. அவள் மாவு பிசைந்தால் மாவுக்கே பயம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இடையில் ஒரு மகள் பிறந்தாள். கோதுமை மணி பால்கட்டும் நாளில் பிறந்ததால் அந்த நாளின் பெயரே அவளுக்கு, சியாவ்மான். இரண்டாவது ஐந்தாம் மாதம் கலைந்தது, அதன் பிறகு இல்லை. அந்த வீட்டுக்கு இனி மருமகள் வர வழியில்லை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை யாரும் சொல்லவில்லை.

பின்கட்டு முற்றத்தைப் பார்த்தபடி கிழக்கு அறைக்கு ஒரு ஜன்னல். மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அதன் மேல் காகிதம் ஒட்டியது. அம்மாவும் தாத்தாவும் முற்றத்தில் இருக்கும்போது சியாவ்மானை அந்த அறையில் விட்டுக் கதவைத் தாழிடுவார்கள். ஐந்து வயதில் அவள் விரலை எச்சிலில் நனைத்துக் காகிதத்தில் வைத்தாள். சத்தமில்லாமல் ஓட்டை விழுந்தது, ஒரு சோயாக்கொட்டை அளவுக்கு.

"ஜன்னல்ல கண்ணு," என்றார் தியன்பாவ். யின்ஹுவா திரும்பிப் பார்த்தாள். "ஒட்டு," என்றார்.

கோதுமை மாவில் பசை காய்ச்சி யின்ஹுவாவே ஒட்டினாள். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ தாத்தாவை அடிக்கிறியா?"

"இல்ல."

"தாத்தா உன்னை அடிக்கிறாரா?"

"இல்லடி."

"அப்ப என்ன பண்றீங்க?"

"வேலை."

"வேலைன்னா ஏன் நான் பார்க்கக் கூடாது?"

வாசலில் நின்றிருந்த தாத்தா பதில் சொன்னார். "நீ அடுத்த வீட்டுக்குப் போற பொண்ணு."

ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த அடுத்த வீடு என் வீடுதான். மறுநாள் காலை தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து என் செங்கல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அடியிலிருந்து ஏறும் அடுப்புச் சூட்டில் கால் நீட்டி, மத்தியானம் வரை இருந்து, இரண்டு இலந்தை ரொட்டி தின்றாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"அதான் அடுத்த வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேனே, டீச்சர். இனிமே பார்க்கலாம் இல்ல?"

பார்க்க விடவில்லை. இரண்டாவது ஓட்டை விழுந்தது. யின்ஹுவா ஒட்டினாள். மூன்றாவது விழுந்தபோது சிமெண்டு மூட்டைக் காகிதத்தை மடித்து, சட்டங்களோடு சேர்த்து, பசையைத் தடியாகப் பூசி ஒட்டினாள். அன்றைக்குத் தியன்பாவ் மருமகளுக்கு இன்னொன்றும் சொன்னார்.

"இனிமே ஜன்னலுக்கு முதுகு குடுத்து நில்லு. உன் முதுகு அகலம்தானே, மறைச்சுக்கோ. ஒம்பதாவது கையில திரும்பாதே."

ஒன்பதாவதுக்குத் திரும்பிப் பார்க்கும் கை என்று பெயர். அதில்தான் உடம்பு முழுவட்டம் திரும்பும். அந்த முற்றத்தில் நின்று திரும்பினால் நேரே கிழக்கு அறை ஜன்னலைப் பார்க்க வேண்டிவரும்.

"திரும்பாம எப்படி அப்பா அதைச் செய்யறது?"

"மனசுக்குள்ள திரும்பிக்கோ."

அப்படியே செய்தாள். என் கூரை தட்டையானது, சோளக்கதிர் காயவைக்கிற சாக்கில் அங்கிருந்து ஷிங் வீட்டுப் பின்கட்டை நான் பார்ப்பது உண்டு. எட்டாவது கை முடியும். அவள் ஒரு மூச்சு நிற்பாள். பிறகு பத்தாவது. அந்த ஒரு மூச்சில் அவள் எங்கே போய்வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஜன்னலின் வேறு மூலையில் யாரும் கவனிக்காத ஓட்டை ஒன்று போட்டுப் பார்த்துவந்த சியாவ்மான், ஒன்பது வயதில் அதையும் விட்டுவிட்டாள். பன்னிரண்டில் விடுதிப் பள்ளிக்கூடம் போனாள். பதினேழில் தெற்கே ஷென்ஜென் பக்கம் போன் தொழிற்சாலைக்குப் போனாள். அதே வருஷம் இலையுதிர் காலத்தில், தியன்ஜினில் தரையோட்டுக் கடை வைத்திருந்த குவாங்லு அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு விவாகரத்துக் காகிதத்தை அனுப்பினான். யின்ஹுவா படித்தாள், முத்திரை வைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அழுவாள் என்று காத்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மருமகள் இல்லை என்றால் கை எப்படி அவளிடம் இருக்கலாம்? தியன்பாவின் கடைசித் தம்பி, ஊரில் மூன்றாமவர் என்று கூப்பிடுவோம், அவர்தான் குடும்ப வழக்கத்தையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர். போகிற மருமகள் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வாசல்படி தாண்ட வேண்டும் என்றார்.

"கையை எப்படிங்க திருப்பிக் குடுப்பாங்க, சித்தப்பா?" என்று நான் கேட்டேன். "வெட்டியா?"

"டீச்சரம்மா, உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. கடைசியிலேருந்து முதல் வரைக்கும் தலைகீழாச் செய்யணும். நூலைத் திரும்ப உருண்டையில சுத்தற மாதிரி. அப்புறம் சத்தியம். யாருக்கும் செஞ்சு காட்ட மாட்டேன், யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்னு."

தியன்பாவ் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. குவாங்லுவின் புதுப் பெண்டாட்டி வருவாள், அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று கணக்கு. அப்போது அவருக்கு எழுபத்துமூன்று வயது, இலந்தை மரத்தில் ஏறி உலுக்குவார்.

அன்றைக்கு நான் கூரையில் எந்தக் கதிரையும் புரட்டவில்லை. பின்கட்டு முற்றத்தில் ஷிங் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். யின்ஹுவா கதவடைக்கும் கையில் ஆரம்பித்தாள். அடித்த கை அடிக்கும் முன் இருந்த இடத்துக்குப் போனது. எடுத்து வைத்த கால் வந்த சுவட்டிலேயே பின்வாங்கியது. விழுந்த எதிராளி எழுந்து போய்த் தன் வீட்டில் உட்கார்ந்துகொள்வது மாதிரி இருந்தது. ஒன்பதாவதில் நின்றாள். கிழக்கு அறையில் யாரும் இல்லை. அப்படியும் சற்று நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள், அந்த முற்றத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. அதைத் தாண்டி எட்டு, ஏழு, ஆறு என்று இறங்கி, ஒன்றுக்கு வந்து, கைகளைத் தொங்கவிட்டாள்.

சத்தியம் முடிந்ததும், "வரேன், அப்பா," என்றாள்.

"இனிமே அப்பான்னு சொல்லக் கூடாது," என்றார் மூன்றாமவர். "பெரியவரேன்னு சொல்லணும்."

"வரேன், பெரியவரே."

தியன்பாவ் தலையை மட்டும் அசைத்தார். அவர் "சாப்பிடு" என்று சொல்லுவார் என்று அவள் நின்று பார்த்தாள். சொல்லவில்லை.

அடுத்த வசந்தத்தில் அவளை, சோயாப்பாலைத் திரித்துக் கட்டியாக்கி விற்கிற டோஃபுக்காரர் லூ பாவ்ஷுன் கட்டிக்கொண்டார். பெண்டாட்டி செத்தவர், இரண்டு சந்து தள்ளி வீடு, சோயாவைத் தவிர எவரோடும் சண்டை தெரியாத மனிதர். அங்கே அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் டோஃபுப் பலகையை அழுத்தும்போது அவளுடைய முழங்கை டோஃபுவுக்குத் தேவையில்லாத ஒரு வளைவு வளையும். பாவ்ஷுன் பார்ப்பார். பார்த்துவிட்டு, சும்மாவேனும் அடுப்பைக் கிளறப் போவார்.

குவாங்லுவின் புதுப் பெண்டாட்டி ஒரே ஒரு புத்தாண்டுக்கு வந்தாள், உயர்ந்த குதிகால் வைத்த காலணியோடு. மாமனார் அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் குதிரை நிலையில் நிற்கச் சொன்னார். "இவருக்குத் தலைக்கு எதாவது ஆயிடுச்சா?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு மறுநாளே ரயிலேறினாள். அவள் கேட்ட நேரமோ என்னமோ, அந்தக் குளிர்காலமே தியன்பாவுக்கு மூளையில் இரத்தம் அடைத்துக்கொண்டது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. தேறி வந்தபோது மிஞ்சியவை நான்கு. சாப்பிடு. வேண்டாம். குளிருது. நான்காவது ஒரு வசவு, 'நாய்க்குப் பொறந்தவனே' என்பது. அதை அவர் பெரும்பாலும் மூன்றாமவருக்குத்தான் பயன்படுத்தினார்.

ஆக, கணக்கு இப்படி நின்றது. தெரிந்த ஒருவருக்கு உடம்பு இல்லை. உடம்பு உள்ள ஒருத்தி திருப்பிக் கொடுத்துவிட்டாள். திருப்பிக் கொடுத்த இருபத்துநான்கு கை எங்கே போயிற்று என்று கேட்டால் ஷிங் குடும்பத்தில் யாரிடமும் பதில் இல்லை.

எட்டு வருஷம் கழித்து இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் ஊரை இடித்துத் தொழிற்பேட்டை கட்டப் போகிறார்கள், எங்களுக்கு ஆறாவது மாடி, ஏழாவது மாடி என்று வீடு கொடுப்பார்கள் என்பது ஒன்று. மாவட்டப் பண்பாட்டு அலுவலகம் பழைய சண்டைக்கலைகளைப் படம் பிடித்துப் பட்டியலில் சேர்க்கிறது என்பது இரண்டாவது. இருபத்துநான்கையும் செய்து காட்ட ஆள் இருந்தால் வரிசை கெடாமல் காலத்துக்கும் படத்தில் நிற்கும். இல்லையென்றால் ஊரோடு அதுவும் போகும்.

வாரிசு என்று பெயர் போட்டுக்கொள்ளக் குவாங்லு தியன்ஜினிலிருந்து வந்து இறங்கினான். தியன்ஜின்காரி அதற்குள் அவனையும் விட்டுவிட்டாள். அந்த வருஷம் எங்கள் ஊரில் பிரிந்தால் ஆளுக்கொரு வீடு கிடைக்கும் என்பதற்காகப் பதினோரு ஜோடிகள் காகிதத்தில் மட்டும் விவாகரத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் இரண்டு ஜோடிகள் திரும்பக் கல்யாணம் செய்துகொள்ள மறந்தே போனார்கள். அந்தக் காற்று குவாங்லுவுக்கும் அடித்தது. நேரே டோஃபு வீட்டுக்குப் போனான். நானும் அங்கே ஒரு கட்டி டோஃபு வாங்க நின்றிருந்தேன்.

"அண்ணே, உங்ககிட்டயே நேரா கேக்கறேன்," என்றான் பாவ்ஷுனிடம். "ஒரு வாரத்துக்கு இவளை எனக்குக் கட்டிக் குடுங்க. காகிதத்துலதான். படம் எடுத்ததும் திருப்பித் தந்துடறேன்."

பாவ்ஷுன் துடுப்பைத் துடைத்துக் கீழே வைத்தார். "அவ என்ன கைவண்டியா, இரவல் குடுக்க?"

"குடும்பக் கலைக்காகத்தான் அண்ணே."

"உன் குடும்பக் கலையை அஞ்சு கை வரைக்கும் நீயே செய்யேன். மிச்சத்துக்குப் படச்சுருள் தீர்ந்துடுச்சுன்னு சொல்லிடு."

டோஃபு பிழிந்த தண்ணீர் ஒரு வாளி வெதுவெதுப்பாக இருந்தது. யின்ஹுவா அதை எடுத்து அவன் காலணி மேல் நிதானமாக ஊற்றினாள்.

ஆனால் அன்றைக்கு மாலை என் வீட்டுக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, கடைசியாத் தலைகீழாச் செஞ்சேன் இல்ல, அதுலேருந்து ஒம்பது வருஷமா பின்பக்கமாவே நடக்கிற மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவை முன்னால செஞ்சுட்டாப் போதும். யார் பேரு வேணா போட்டுக்கட்டும்."

"அப்ப செய்யேன்."

"சத்தியம் இருக்கே. பெரியவர் கூப்பிட்டாத்தான் முடியும்."

இதை நான் மூன்றாமவரிடம் போய்ச் சொன்னேன். அவரும் கிழவர்தான், அவருக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருந்தது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். குடும்பத் தலைவர் முன்னோர் பலகைக்கு முன்னால் ஒருத்தியை 'மருமகளே' என்று கூப்பிட்டு அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்தால், அன்றைய பொழுது சாயும் வரை அவள் மருமகள்தான். முத்திரை வேண்டாம், காகிதம் வேண்டாம், பாவ்ஷுனுக்கும் நஷ்டமில்லை. ஒரு வார்த்தை போதும்.

நான்கு வார்த்தை மட்டும் உள்ள மனிதருக்கு ஐந்தாவதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்றாமவர் தினமும் போனார்.

"அண்ணே, ம-ரு-ம-க-ளே. அஞ்சே எழுத்து. சொல்லுங்க."

"நாய்க்குப் பொறந்தவனே."

"அது வேணாம். ம-ரு."

"குளிருது."

பத்து நாள் இப்படி ஓடியது. பதினோராம் நாள், "மரு," என்றார். பன்னிரண்டாம் நாள் முழுவதும் வந்துவிட்டது. மூன்றாமவர் அந்தச் சந்தோஷத்தில் தெருவில் போகிற எனக்கெல்லாம் இலந்தைப்பழம் கொடுத்தார். அந்தக் குடும்பத்து இலந்தைப்பழம் இலவசமாகக் கிடைத்தது வரலாற்றில் அன்றுதான்.

படம் பிடிக்கும் நாள் காலை. கேமராவோடு ஒரு பையன், பண்பாட்டு அலுவலகத்துப் பெண் ஒருத்தி, நல்ல மாதிரி, எல்லோரையும் அக்கா அண்ணா என்று கூப்பிட்டாள். முன்னோர் பலகையைப் பின்கட்டு முற்றத்துக்கே கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார்கள், கற்கக் கூடாது என்கிற பலகையையும்தான். ஒதுங்கி ஒரு பக்கம் பளபளவென்று மஞ்சள் பட்டுச் சட்டையில் குவாங்லு. நாற்காலியில் தியன்பாவ், போர்வைக்குள். யின்ஹுவா பழைய நீலச் சட்டை போட்டு, முடியை இறுக்கிக் கட்டி வந்தாள். பாவ்ஷுன் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வராமல் நின்றார். அவள் மண்டியிட்டுத் தேநீர்க் கிண்ணத்தை இரு கையாலும் தலைக்குமேல் ஏந்தினாள்.

தியன்பாவ் அவளைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

"மகளே," என்றார்.

மூன்றாமவர் குனிந்தார். "அண்ணே, மருமகளே."

"மகளே."

"அண்ணே. மரு. முன்னால மரு."

கிழவர் தம்பியைத் திரும்பிப் பார்த்து அந்த வசவைத் தெளிவாகச் சொன்னார். பிறகு இடக்கையால் கிண்ணத்தை வாங்கினார், பாதி போர்வையில் சிந்தியது, மீதியைக் குடித்தார். குடித்துவிட்டு அவளைப் பார்த்து, "என் மகள்," என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க அவருக்குக் கை இல்லை, கிண்ணம் இருந்தது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றாள் அலுவலகப் பெண். "ஆரம்பிக்கலாமா, அக்கா?"

ஷிங் ஆண்கள் எல்லோருடைய கண்ணும் மேசைமேல் இருந்த பலகைக்குப் போனது.

மூன்றாமவர்தான் பேசினார். "அவருக்கு நாக்கு புரளல. நாக்கு பண்ற தப்புக்குக் குடும்பம் என்ன பண்ணும். நான் கண்ணை மூடிக்கறேன். நீ செஞ்சுடும்மா." உண்மையிலேயே மூடிக்கொண்டார்.

யின்ஹுவா இன்னும் மண்டியிட்டபடியே இருந்தாள்.

"நாக்குத் தப்பு இல்ல சித்தப்பா. மூணு தடவை சொல்லிட்டாரு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க இன்னிக்குக் கண்ணை மூடிக்கறீங்க. அன்னிக்கு எம்பொண்ணுக்கு அந்த ஜன்னல்ல இருந்தது ஒரு கண்ணு. சோயாக்கொட்டை அளவு. அதை மூடினது நீங்களும் இல்ல, இவரும் இல்ல. நான். நானே பசை காய்ச்சி ஒட்டினேன், மூணு தடவை. மகள் செய்யலாம்னா, நான் எதுக்கு ஒட்டினேன்?"

பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு ஐந்து வார்த்தைதான் தெரியும்.

"மகள்னா மகள்தான்," என்றாள். "மகள் தொடக் கூடாது."

மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கினாள். "வரேன், அப்பா," என்றாள். எழுந்து போய்விட்டாள். அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அந்த 'மகள்'தான் என்று எனக்குத் தெரியும். அது வந்த அன்றே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிற்று. கிழவர் வாசலையே பார்த்து, "சாப்பிடு... சாப்பிடு..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். பசிக்கிறது போல என்று நினைத்து யாரோ அவருக்குக் கஞ்சி ஊட்டினார்கள்.

கேமராவுக்கு எதாவது வேண்டுமே. நகரத்து விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரிடம் மூன்று மாதம் கற்ற குட்டிக்கரணம், உதை, வாள் சுழற்றல் எல்லாவற்றையும் குவாங்லு செய்தான். ஐம்பது வயதுக்கு மோசமில்லை. நடுவில் பட்டுக் கால்சட்டை தையல் விட்டது, அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். 'ஷிங் குடும்பத்து இருபத்துநான்கு கை' என்று தலைப்புப் போட்டு, இப்போது எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நாள் முழுவதும் சுவரில் ஓடுகிறது. பார்த்த எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், பதினேழுதான் இருக்கிறது. அதில் ஐந்து மட்டும் உண்மை.

படம் பிடித்த பதினோராம் நாள் தியன்பாவ் செத்தார். சாவுக்குச் சியாவ்மான் ஷென்ஜெனிலிருந்து வந்தாள், இருபத்தாறு வயது, ஒல்லி, சதா கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை மேசை அவள் உயரத்துக்குச் சரியில்லையாம். மண் போட்டு மூன்றாம் நாள் நான் கடைசியாகக் கூரையில் ஏறினேன், இடிப்பதற்குள் கதிரை வாரிவிடலாம் என்று. ஷிங் வீட்டுப் பின்கட்டில் அம்மாவும் மகளும் மட்டும் நின்றிருந்தார்கள்.

"பலகையைப் புதுக் கட்டடத்துக் கூடத்துல மாட்டக் கொண்டு போயிட்டாங்க," என்றாள் யின்ஹுவா. "சொன்னவங்களும் போயாச்சு. நில்லு. பாத்துக்கோ."

"எதுக்கும்மா இப்ப?"

"நில்லுடி."

சியாவ்மான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நின்றாள். யின்ஹுவா ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முழங்கால் முன்போல் மடங்கவில்லை, ஆனாலும் கை தெரிந்த கை. எட்டு வந்தது. நின்றாள். முன்பு நிற்கிற அதே ஒரு மூச்சு. மூச்சு முடிந்தது, கை கிளம்பவில்லை. முதலிலிருந்து தொடங்கினாள். எட்டில் நின்றாள். மூன்றாம் முறையும் எட்டில் நின்றாள்.

"சியாவ்மான். நீ அந்த ஓட்டையில பார்த்தியே. எட்டுக்கு அப்புறம் என் கை எங்க போச்சு?"

"தெரியலம்மா."

"யோசிச்சுப் பாரு. மேலயா, பக்கவாட்டுலயா?"

"கை தெரியாதும்மா. உன் முதுகுதான் தெரியும்."

"முதுகு எந்தப் பக்கமாத் திரும்புச்சு?"

சியாவ்மான் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள். "நீ திரும்புவேன்னுதாம்மா தினம் நின்னேன்," என்றாள். "நீ திரும்பவே இல்லியே."

அப்போது யின்ஹுவா திரும்பினாள், முழுவட்டம். கைகள் இரண்டும் சும்மா தொங்கின. கிழக்கு அறை ஜன்னலில் காகிதம் எந்தக் காலத்திலோ கிழிந்து போய்விட்டிருந்தது. உள்ளே வெற்றுச் சுவர் தெரிந்தது. மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிமெண்டு மூட்டைக் காகித ஒட்டு ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. நல்ல பசை.